பாரம் பாரமாக வளர்ந்த புத்தகங்கள்

சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் காலமானார். அப்போது அவருக்கு நாற்பது வயதுதான். இன்றைய தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அவர் அடிக்கல் நாட்டியிருந்தார். அவர் காலத்தில் கோயில் எழவில்லை. பாரத மாதா நினைவாலயம் 2021இல்தான் திறக்கப்பட்டது. சிவாவை நினைக்கும் தமிழர்களுக்கு அவருடைய மேடை முழக்கமும் சிறைவாசமும் சிறை தந்த தொழுநோயும் நினைவுக்கு வருகின்றன. அச்சுக்கூடத்தோடு மல்லுக்கட்டிய பத்திரிகைக்காரர் என்பது அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. 1912இல் விடுதலையான அவர் மறு ஆண்டே சென்னையில் ‘ஞானபானு’ மாத இதழைத் தொடங்கினார். பிறகு ‘பிரபஞ்சமித்திரன்’, ‘இந்திய தேசாந்திரி’ என்று வேறு இதழ்களையும் நடத்தினார். அவர் எழுதியவற்றிலும் பிறரை எழுதவைத்தவற்றிலும் கணிசமான பகுதி புத்தகமாகப் பிறக்கவில்லை. மாதம் ஒரு துண்டாக வந்தது.

அந்தத் துண்டுகளைப் பற்றியதுதான் இக்கட்டுரை. ஒரு பெரிய நூல் ஒரே நாளில் அட்டைபோட்டு வெளிவராமல், இதழ் இதழாக, சஞ்சிகை சஞ்சிகையாக வந்து, வாங்கியவர் வீட்டில் சேர்ந்து முழு நூலாவது தமிழ் அச்சு வரலாற்றில் ஓர் ஓரத்து நிகழ்ச்சி என்று நினைத்திருப்போம். என் வாசிப்பில் அது நடுவிலேயே இருக்கிறது. கையில் பணமில்லாத ஆசிரியர், ஒரே தவணையில் விலை கொடுக்க முடியாத வாசகர், சிறிய அச்சுக்கூடம் ஆகிய மூவரும் சேர்ந்து பெரிய காரியம் செய்ய அன்று இருந்த வழி அதுதான். நம்முடைய பல முதன்மை நூல்கள் அந்த வழியில் வந்தவை.

முதலில் அச்சுக்கூடத்தைப் பார்க்க வேண்டும். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் எந்தச் சிறிய அச்சகத்திலும் முந்நூறு பக்க நூலை முழுதாகக் கோத்து நிறுத்தும் அளவுக்கு எழுத்து இருக்காது. தமிழுக்கு உயிர்மெய் வடிவங்கள் மிகுதி. அறைப்பெட்டியில் ‘ணை’யோ ‘றா’வோ தீர்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும். ஆகவே எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ கொண்ட ஒரு பாரத்தைக் கோத்து, மெய்ப்புத் திருத்தி, வேண்டிய படிகளை அடித்து முடித்தவுடன் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுவிட்டு அடுத்த பாரத்தைக் கோப்பார்கள். புத்தகம் என்று நாம் ஒன்றாகப் பார்ப்பது அச்சுக்கூடத்தில் எப்போதுமே பகுதி பகுதியாகத்தான் உருவானது. அடித்த பாரங்களைக் கடைசிப் பாரம் வரும்வரை மூலையில் அடுக்கிவைத்தால் தாளில் போட்ட பணமும் கூலியும் அங்கேயே முடங்கிக் கிடக்கும். ஒவ்வொரு பாரத்தையும் உடனே விற்றால் அடுத்த பாரத்துக்கான தாளை வாங்கலாம். தொடர் வெளியீட்டின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. மாத இதழுக்காகக் கோத்த அதே எழுத்தில் கூடுதலாகச் சில நூறு படிகள் அடித்து வைத்துக்கொண்டால், தொடர் முடியும்போது நூலும் தயாராக இருக்கும். புதிதாகக் கோக்க வேண்டாம், மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டாம். இதற்காகத்தான் பழைய இதழ்களில் தொடராக வரும் நூலுக்கு மட்டும் தனிப் பக்க எண் கொடுத்தார்கள். இதழின் மற்றக் கட்டுரைகள் ஒரு வரிசையில் ஓட, நூலின் பக்கங்கள் சென்ற மாதம் விட்ட எண்ணிலிருந்து தொடரும். வாங்கியவர் ஆண்டு முடிவில் அந்தப் பக்கங்களை மட்டும் உருவியெடுத்துத் தைத்துக்கொள்ளலாம்.

பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் மறு ஆண்டில் ‘செந்தமிழ்’ இதழைத் தொடங்கியபோது இந்த முறையைப் பெரும் பணியாகவே மாற்றியது. ரா. இராகவையங்காரும் அவருக்குப் பின் மு. இராகவையங்காரும் ஆசிரியராக இருந்த அந்த இதழில் ஏட்டிலிருந்து எடுத்த சிறு நூல்கள் பகுதி பகுதியாக வந்து, ‘செந்தமிழ்ப் பிரசுரம்’ என்ற வரிசையில் தனி நூல்களாயின. ஏட்டுச் சுவடி ஒன்றைப் பதிப்பிக்கப் பெரும் செல்வர் ஒருவரைத் தேடிப் போக வேண்டியிருந்த காலத்தில், சந்தாதாரர்கள் கூட்டாக அந்தச் செல்வரின் இடத்தில் நின்றார்கள் என்று இதைச் சொல்லலாம்.

சந்தாவுக்கு முந்தைய வடிவம் கையொப்பம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வருவதற்கு முன்பே வாங்க ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் பெற்றார். அந்த அலைச்சலை அவரே தம் சுயசரிதையில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தச் சுயசரிதையும் பகுதி பகுதியாக வந்த நூல் என்பது பொருத்தம்தான். ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940 ஜனவரி முதல் வாரந்தோறும் வந்தது. 1942 ஏப்ரலில் ஐயர் மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்றது. 1950இல் நூலாயிற்று. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழறிஞர் யாரும் ஒதுக்க முடியாத இந்த ஆவணத்துக்கு வாரப்பத்திரிகையின் நெருக்கடி ஒரு காரணம் என்பது என் எண்ணம். எண்பத்தைந்து வயதை நெருங்கும் ஒருவரை வாரம் ஓர் அத்தியாயம் தர வேண்டும் என்ற கடப்பாடு உட்காரவைத்தது. முழு நூலாக எழுதி முடித்துத்தான் வெளியிட வேண்டும் என்றிருந்தால் நமக்கு அந்த 122 அத்தியாயங்களும் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

நாவலுக்கு வருவோம். சிவா பிறந்தது வத்தலக்குண்டில், 1884இல். அதே ஊரில் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு பிறந்தவர் பி.ஆர். ராஜம் ஐயர். சி.வி. சுவாமிநாதையர் நடத்திய ‘விவேகசிந்தாமணி’ மாத இதழில் 1893 முதல் 1895 வரை ராஜம் ஐயர் எழுதிய ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ 1896இல் நூலாக வந்தது. மாதம் ஒருமுறை வரும் இதழில் இரண்டு ஆண்டு ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு நிற்க வாசகருக்கு வேண்டிய பொறுமையை நினைத்துப் பாருங்கள். கிராமத்து வம்புப் பேச்சு, ஜல்லிக்கட்டு, திருட்டு என்று ஓடும் முதற்பாதிக்கும், தத்துவத்தில் தோயும் பிற்பாதிக்கும் உள்ள வேறுபாட்டை விமரிசகர்கள் பலர் குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளைஞரின் மனம் மாறியதை மாதவாரியாகக் காட்டும் பதிவாக அதைப் படிக்கலாம். முதல் அத்தியாயங்கள் ஏற்கெனவே அச்சாகிச் சந்தாதாரர் கைக்குப் போய்விட்டன. திரும்பிப் போய்த் திருத்தி ஒருமை செய்ய வழியில்லை. அந்த நாவலின் அமைப்பைப் பற்றிப் பேசும்போது அது வெளிவந்த முறையை விட்டுவிட்டுப் பேசுவது அரைகுறையான விமரிசனம்.

ராஜம் ஐயர் 1896 ஜூலையில் சென்னையில் தொடங்கிய ‘பிரபுத்த பாரதா’ ஆங்கில இதழின் ஆசிரியரானார். 1898 மே மாதம் 26 வயதில் மறைந்தார். இதழும் அதோடு சென்னையில் நின்று, பின்னர் அல்மோராவிலிருந்து தொடர்ந்தது. அதில் அவர் ஆங்கிலத்தில் எழுதிவந்த கதை பாதியில் அறுந்தது. அவர் அதில் எழுதிய கட்டுரைகள் 1905இல் தொகுக்கப்பட்டு நூலாயின. விவேகசிந்தாமணியிலேயே கமலாம்பாளுக்கு முன்னால் 1892இல் அ. மாதவையா தொடங்கிய ‘சாவித்திரி சரித்திரம்’ நடுவில் நின்றுபோனது. பதினொரு ஆண்டு கழித்து 1903இல் அதையே ‘முத்துமீனாக்ஷி’யாக மாற்றி எழுதி நூலாக்கினார். தமிழ் நாவலின் தொடக்க வரலாறு என்று பேசும்போது முடிந்தவற்றை மட்டும் வரிசைப்படுத்துகிறோம். நின்றுபோன தொடர்களையும் சேர்த்தால்தான் அந்தப் பத்தாண்டில் என்னவெல்லாம் முயன்று பார்க்கப்பட்டது என்பது தெரியும்.

வத்தலக்குண்டு பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ராஜம் ஐயர், சிவா இருவருக்கும் பிறகு பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும் அந்த ஊரோடு தொடர்புடையவர்கள். ராமையா ‘மணிக்கொடி’யின் ஆசிரியர். அந்த இதழின் கதையை ‘தீபம்’ இதழில் தொடராக எழுதி, பின்னர் ‘மணிக்கொடி காலம்’ என்ற நூலாகத் தந்தார். செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கினார். ஒரு சிற்றூருக்கு இத்தனை பத்திரிகைக்காரர்கள் எப்படி வாய்த்தார்கள் என்பதைத் தனியாக யாராவது ஆராய வேண்டும்.

ஞானபானுவுக்குத் திரும்புகிறேன். பாரதி அப்போது புதுச்சேரியில் இருந்தார். அவருடைய ‘சின்னச் சங்கரன் கதை’ ஞானபானுவில்தான் பகுதிகளாக வந்தது. ஒரு ஜமீன்தார் அவையையும் அதில் கவிபாடிப் பிழைக்கும் சிறுவனையும் சொல்லும் அந்தக் கதையில் பாரதியின் எட்டயபுரம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் முதல் சில அத்தியாயங்களே நம்மிடம் இருக்கின்றன. கதை முழுமை பெறவில்லை. அந்த அத்தியாயங்களாவது கிடைத்ததற்குக் காரணம், சிறையில் உடல் கெட்டு வெளிவந்த ஒரு மனிதர் சொந்த இதழ் ஒன்றை நடத்தியதும், அந்த இதழை யாரோ சிலர் கிழிக்காமல் எறியாமல் வைத்திருந்ததும்தான். கையெழுத்துப் படி தொலைந்தாலும் அச்சான துண்டு பல ஊர்களில் பல வீடுகளில் பரவியிருக்கும் என்பதால் பிழைக்க வாய்ப்பு அதிகம். தொடர் வெளியீடு பணத்தைத் திரட்டியதோடு நிற்கவில்லை, எழுத்தைப் பல இடங்களில் பத்திரப்படுத்தியும் வைத்தது.

இந்தப் பரவலைச் செய்தது தபால். பணம் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடுக்கும் வி.பி.பி. முறை இந்தியத் தபாலில் 1877இல் வந்தது. புத்தகக் கடையே இல்லாத ஊரிலும் ஒருவர் ஒரு கார்டு எழுதிப் போட்டால் நூல் வீட்டு வாசலுக்கு வரும் நிலை அப்போதுதான் உண்டானது. இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதிக்கு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குப் போட்ட குறுகிய ரயில்பாதை 1906இல் வந்து, 1941இல் நிறுத்தப்பட்டது. ஞானபானு நடந்த ஆண்டுகளில் அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் அச்சான ஒரு மாத இதழ் மொரப்பூர் வழியாகத் தருமபுரி வந்து, அங்கிருந்து பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்களுக்குப் போகும் வழி இருந்தது என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். பெருநகரத்து நூல் வெளியீடு ஒரு வறண்ட நிலத்து ஊரின் ஆசிரியரையும் கணக்குப்பிள்ளையையும் எட்டிய வழி அதுதான். மொத்தமாக ஐந்து ரூபாய் கொடுக்க முடியாத அவர்களால் மாதம் சில அணாக்கள் கொடுக்க முடிந்தது.

தமிழில் இப்படி வந்த நூல்களில் அளவாலும் உழைப்பாலும் தலையாயது கும்பகோணம் மகாபாரதம். ம.வீ. இராமானுஜாசாரியார் 1908இல் அந்தப் பணியில் இறங்கினார். வடமொழிப் பண்டிதர்களைக் கொண்டு வியாச பாரதத்தை உரைநடையில் மொழிபெயர்க்கச் செய்து, தாமே ஒப்பிட்டுத் திருத்தி, பர்வம் பர்வமாக வெளியிட்டார். 1932 வரை அது நீண்டது. பதினெட்டுப் பர்வங்களுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு. நடுவில் ஒரு பெரிய போர் வந்து தாள் விலை ஏறியது. தொடக்கத்தில் வாங்கியவர்களில் எத்தனை பேர் கடைசிப் பர்வத்தைக் கையில் வாங்கினார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. தந்தை தொடங்கிய தொகுதியை மகன் முடித்த வீடுகள் நிச்சயம் இருந்திருக்கும். ஒரு கல்லூரித் தமிழாசிரியர் செய்த இந்தப் பணியை இன்று ஒரு பல்கலைக்கழகம் செய்யவேண்டுமானால் எத்தனை குழுக்கள் போடுவார்கள்! அவரிடம் அந்த அளவு பணம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வெளிவந்த பர்வம் விற்றால் வரவிருக்கும் பர்வம் அச்சாகும். நின்ற இடத்தில் புரவலர்களைத் தேடி அலைய வேண்டும். இந்த நடையிலேயே அவர் கடைசிவரை போய்ச் சேர்ந்தார்.

பல்கலைக்கழகமும் பகுதிகளாகத்தான் வெளியிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பணி 1913இல் ஜே.எஸ். சாண்ட்லர் தலைமையில் தொடங்கியது. 1924 முதல் பகுதிகளாக வெளியானது. 1926இல் எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியரானார். 1936இல் ஆறு தொகுதிகள் நிறைவுற்றன. இங்கே பகுதிமுறையின் ஓர் இயல்பு மிக நன்றாகத் தெரிகிறது. ‘அ’ வரிசை அச்சாகிச் சந்தாதாரரிடம் போன பிறகு, ‘ம’வுக்காகச் சொல் திரட்டும்போது அகரத்தில் விட்டுப்போன சொல் கண்ணில் பட்டால் அதை எங்கே வைப்பது? வெளியே போன பகுதியைத் திரும்ப அழைக்க முடியாது. ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள் அமைந்தன. விட்டுப்போனவற்றையும் பின்னர் கிடைத்தவற்றையும் சேர்த்து 13,357 சொற்களோடு அனுபந்தம் 1939இல் வந்தது. அனுபந்தத்தை ஆராய்ந்தால் அச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே எந்தெந்த நூல்கள் புதிதாகப் பதிப்பாயின, எந்தெந்தச் சொற்கள் தாமதமாகக் கிடைத்தன என்று கணக்கிடலாம். அகராதி ஒரே நாளில் வந்திருந்தால் இந்தத் தடயம் நமக்கு இருந்திருக்காது.

உலகில் இந்த முறை எப்போது தொடங்கியது என்று தேடினால் 1678இல் லண்டனில் ஜோசப் மாக்ஸன் கைத்தொழில்கள் பற்றி வெளியிட்ட பகுதி நூல் முன்னால் வந்து நிற்கிறது. அதன் அடுத்த தொகுதி, 1683இல் தொடங்கியது, அச்சுத்தொழிலையே விளக்கியது. என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவின் முதற்பதிப்பு எடின்பரோவில் 1768 முதல் 1771 வரை நூறு வாரப் பகுதிகளாக வந்து மூன்று தொகுதிகளாகச் சேர்ந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836–37இல் மாதம் ஒரு ஷில்லிங் விலையில் வந்தது. அந்தக் காலத்தில் மூன்று தொகுதி நாவல் ஒன்று முப்பத்தொன்றரை ஷில்லிங். தொடர் முடியும்போது மாதம் 40,000 படிகள் விற்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் டி அகோஸ்தினி போன்ற நிறுவனங்கள் கலைக்களஞ்சியங்களை வாரப் பகுதிகளாக்கி, சேர்த்துவைக்க அட்டைகளையும் விற்றன. முதல் இதழ் மலிவு, அடுத்தவை விலை ஏறும் என்ற வணிக உத்தி அதில் முக்கியம். தமிழ்ப் பகுதி வெளியீட்டை அந்தக் கண்ணால் பார்த்தால் பிழையாகிவிடும். இங்கே பெரும்பாலும் வெளியிட்டவரே கடன்பட்டார்.

வணிகமும் வந்தது, அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தித் தம் நாவல்களைத் தொடராகத் தந்து நூலாக்கினார். 115 நாவல்கள் எழுதிய ஒரு பெண் தம் இதழையும் தம் பதிப்பையும் தாமே நடத்தியது சாதாரண விஷயமில்லை. 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடனும், 1941 ஆகஸ்டில் தொடங்கிய ‘கல்கி’யும் வாரத் தொடர்கதையை வீட்டுப் பழக்கமாக்கின. பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன் ஆகியவற்றை ஒரு தலைமுறை வாரம் வாரம் காத்திருந்து படித்தது.

இந்தத் தொடர்கள் நூலாகும் வேலையில் பாதி வாசகர் வீட்டில் நடந்தது. வீட்டில் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், இதழ் பழசானதும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் ஊக்கைக் கழற்றிப் பிரித்து எடுப்பார். வரிசையாக அடுக்கி வைப்பார். கதை முடிந்ததும் ஊரிலுள்ள பைண்டரிடம் போகும். அவர் ஓரத்தில் துளையிட்டு, நூலால் தைத்து, பசையிட்டு, முதுகில் காலிகோ துணி ஒட்டி, மற்ற பக்கமெல்லாம் மார்பிள் தாள் போட்டுத் தருவார். தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர் போன்ற ஊர்களில் பைண்டரின் பெரும்பகுதி வேலை பள்ளிப் பதிவேடுகளும் கடைக் கணக்கேடுகளும்தான். தொடர்கதை நடுநடுவே வரும் வேலை. ஒருமுறை கட்டிய தொகுதி அந்தத் தெரு முழுதும் சுற்றும். சீர்வரிசையோடு சம்பந்தி வீட்டுக்குப் போன தொகுதிகளும் உண்டு.

இந்த வீட்டுப் பதிப்புகளை நூலகங்கள் பல காலம் மதிக்கவில்லை. முறையான புத்தகப் பதிப்பு இருக்கும்போது இது எதற்கு என்ற எண்ணம். ஆனால் பொன்னியின் செல்வனின் வீட்டுத் தொகுதியில் மணியத்தின் ஓவியங்கள் அந்தந்த வாரத்து இடத்தில் இருக்கும். கதைப் பக்கத்தின் பின்புறத்தில் தைல விளம்பரமோ ஒரு துணுக்கோ பாதியாகத் தெரியும். எந்த இடத்தில் அந்த வாரத்துக் கதை நின்றது என்பதும் பார்த்தவுடன் விளங்கும். கல்கியின் கதைகூறும் முறையை ஆராய்பவருக்கு அந்த இடைவெளி அடிப்படைச் சான்று. அத்தியாய முடிவில் ஏன் ஒரு கதவு திறக்கிறது, ஏன் ஓர் அலறல் கேட்கிறது என்பதை ஒரே மூச்சில் நூலாகப் படிப்பவர் முழுமையாக உணர முடியாது. அதே சமயம் ஒரு வருத்தமும் உண்டு. பைண்டர் ஓரத்தைச் சமப்படுத்த வெட்டும்போது தேதி வரி போய்விடும். தொடரை உருவிய பிறகு மிஞ்சிய இதழ் பழைய தாள் கடைக்குப் போய்விடும். ஒரு நூலைக் காத்த கையே ஓர் இதழை அழித்திருக்கிறது. அந்தப் பெண்களை இதற்குக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. வேறு யாரும் அந்தக் கதைகளைக் காப்பாற்றாத காலத்தில் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

தருமபுரிக்கு இந்த விஷயத்தில் மிகப் பழைய இழப்பு ஒன்று உண்டு. அதியமானின் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டியவையும் புறத்திரட்டு தொகுத்தவர் எடுத்துவைத்தவையும் மட்டுமே உள்ளன. அந்தப் புறத்திரட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளியிட்டவர் லெக்சிகனை முடித்த வையாபுரிப்பிள்ளை. அங்கே நூல் முதலில் முழுதாக இருந்து பின்னர் சிதறியது, அச்சுக்கால இதழ்களில் நூல் சிதறலாகவே பிறந்தது. இரண்டிலும் நமக்கு மிஞ்சுவது தொகுத்தவர் எடுத்து வைத்தது மட்டுமே.

இதே நிலத்தைப் பற்றிய ஆங்கில அரசு ஆவணமும் பகுதிகளாகவே அச்சேறியது. 1792இல் இந்தப் பகுதியை உள்ளடக்கிய பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து குடிகளிடம் நேராக வரி நிர்ணயித்தார்கள். மன்றோ தருமபுரியில் தங்கிப் பணியாற்றியவர். அந்த ஆண்டுகளின் கடிதங்களும் அறிக்கைகளும் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டு, சென்னை அரசு அச்சகத்தால் 1907 முதல் ‘பாரமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் நிர்வாகம், குடிகள், விளைபொருள்கள் என்று தனித்தனிப் பகுதிகளாக வெளியிடப்பட்டன. ரயத்துவாரி முறையின் தொடக்கத்தை ஆராய்பவருக்கு இவை இல்லாமல் முடியாது. ஒரு பகுதியை மட்டும் வைத்திருக்கும் நூலகத்தில் உட்கார்ந்து அடுத்த பகுதியைத் தேடி அலைவது இத்துறை ஆய்வாளருக்குப் பழகிய துன்பம்.

முறை இன்றும் சாகவில்லை. சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் சந்தாவையும் முன்பதிவையும் நம்பியே நடக்கின்றன. வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் படைத்த பெல்ஜியச் சித்திரத் தொடர் தமிழில் ‘இரத்தப் படலம்’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் தனித்தனி இதழ்களாக வந்து, 2010இல் ஒரே தடித்த தொகுதியாக வெளிவந்தது. முன்பதிவு செய்தவர்களின் பணம் அந்தத் தொகுதியைச் சாத்தியமாக்கியது. முன்பு பாலக்கோடு, தருமபுரிப் பகுதியில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக எழுதிய ‘வெண்முரசு’ 26 நாவல்களாகச் சேர்ந்தது. கும்பகோணத்தில் இராமானுஜாசாரியார் பர்வம் பர்வமாகத் தந்த அதே பாரதம் இங்கே திரையில் அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. ஜெயமோகனுக்குத் தாள் விலைக் கவலை இல்லை, ஆனால் நாள் தவறாமல் எழுதும் கடப்பாடும் அதைத் தொடரும் வாசகரும் இருந்தார்கள்.

செய்ய வேண்டிய வேலைகள் தெளிவானவை. சென்னையில் 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களிலும் இதழ்களிலும் இருந்து வளர்ந்தது. அதுபோல் மாவட்டந்தோறும் வீடுகளில் இருக்கும் தைத்த தொகுதிகளை முதலில் பட்டியலிட வேண்டும். நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் போதாது. எந்த இதழ், எந்த மலர், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, மேலட்டை உண்டா, பக்க எண் ஒன்றா இரண்டா, யார் வீட்டுக்கு எந்த ஊர்த் தபால் முத்திரையோடு வந்தது என்பதையெல்லாம் குறிக்க வேண்டும். மேலட்டைகளைத் தனியாகப் படமெடுக்க வேண்டும். சந்தா விவரமும், தாமதத்துக்கு ஆசிரியர் கேட்ட மன்னிப்பும், அடுத்த பகுதி எப்போது வரும் என்ற அறிவிப்பும் அங்கேதான் அச்சாகியிருக்கும். நூலாகக் கட்டும்போது முதலில் கிழித்தெறியப்பட்டதும் அதுதான். சிவாவின் மூன்று இதழ்களையும் கிடைத்த இடங்களிலிருந்து படியெடுத்து, விடுபட்ட இதழ்களின் பட்டியலோடு பாப்பாரப்பட்டியில் வைக்க வேண்டும். ஞானபானுவின் எந்த மாத இதழில் சின்னச் சங்கரன் கதையின் எந்தப் பகுதி வந்தது, அதற்கு அடுத்த இதழில் அந்த இடத்தில் என்ன அச்சாகியிருந்தது என்பதை அப்போது ஒரு கல்லூரி மாணவி அந்த ஊரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.